சுவிட்சர்லாந்தில் மொழிகளைப் பிரித்தது மலையா?

வரைபடப் பித்தன் | திருநெல்வேலி

எல்லோருக்கும் வணக்கம். ஒன்பதாம் வகுப்புக்குப் புவியியல் நடத்துகிறேன். போன வாரம் ஆல்ப்ஸ் மலைத்தொடர் பற்றிப் பேசும்போது சுவிட்சர்லாந்து வந்தது. மொத்தப் பரப்பு 41,285 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதற்குள் ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், ரோமாஞ்சு என்று நாலு தேசிய மொழிகள். "அவ்வளவு சின்ன இடத்தில் எப்படி சார் நாலு மொழி?" என்று ஒரு மாணவி கேட்டாள். "நடுவில் மலை நிற்கிறதம்மா. அந்தப் பக்கம் போக முடியாததால் அவரவர் மொழியோடு இருந்துவிட்டார்கள்" என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து மொழி வரைபடத்தையும் மலை வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நான் சொன்னது தப்பு என்று தோன்றுகிறது. ஆல்ப்ஸ் தென்மேற்கிலிருந்து வடகிழக்காகப் போகிறது. ஜெர்மனும் பிரெஞ்சும் சந்திக்கும் கோடு அந்தப் போக்கில் போகவே இல்லை. யூரா மலையில் தொடங்கி, நடுவிலுள்ள மேட்டுநிலத்தைக் குறுக்கே வெட்டி, ஆல்ப்ஸையும் வெட்டிக்கொண்டு தெற்கே இறங்குகிறது. மலையே இல்லாத இடத்தில் மொழி மாறுவது எப்படி?

அங்கே வாழ்கிறவர்கள் இந்தக் களத்தில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். மொழிகளைப் பிரித்தது மலையா, வேறு ஏதாவதா? மொழி மாறுகிற இடத்தில் வானிலையும் மாறுமா? அடுத்த வாரம் அந்தப் பிள்ளைக்குச் சரியான பதில் சொல்ல வேண்டும்.

பயணப்பை | சென்னை

நான் 2018இல் பத்து நாள் சுற்றுலா போயிருக்கிறேன். சூரிச், லூசெர்ன், இன்டர்லாக்கன், ஜெனீவா. அங்கே எல்லோருக்கும் நாலு மொழியும் தெரியும் சார். போன இடமெல்லாம் ஒரே மாதிரி பச்சை, ஒரே மாதிரி குளிர். மலைதான் காரணம் என்று நீங்கள் சொன்னது சரியாகத்தான் இருக்கும்.

லொறிக்காரன் | பேர்ண்

வணக்கம் ஆசிரியர் தம்பி. நான் 1991இல் இந்த நாட்டுக்கு வந்தேன். இருபது வருடத்துக்கு மேலாக லொறி ஓட்டுகிறேன். உணவுச் சாமான் ஏற்றி இறக்குகிற வேலை என்பதால் நாலு மொழிப் பகுதிக்கும் போய் வருகிறேன். படித்துச் சொல்லவில்லை, பார்த்ததைச் சொல்கிறேன்.

நீங்கள் வரைபடத்தில் கண்டது சரி. பேர்ணிலிருந்து ஏ12 நெடுஞ்சாலையில் பிரிபூர் நோக்கிப் போனால் அரை மணி நேரம்கூட ஆகாது. துடிங்கன் என்ற ஊரில் சாமான் இறக்கினால் டொச், அதாவது ஜெர்மன் கதைப்பார்கள். சாரின் ஆற்றைத் தாண்டி அடுத்த இடத்தில் இறக்கினால் பிரெஞ்சு. நடுவில் ஒரு மலையும் இல்லை. அதே புல்வெளி, அதே மாடு, அதே பால் வாசம். ஆறு மட்டும் ஆழமான பள்ளத்தில் ஓடுகிறது. அந்த ஆற்றுக்கும் இரண்டு பெயர்: பிரெஞ்சில் சாரின், டொச்சில் சானெ.

இந்தக் கோட்டை இங்கே ரோஸ்டி அகழி என்பார்கள். ரோஸ்டி என்பது உருளைக்கிழங்கைத் துருவித் தட்டையாகப் பொரிக்கிற சாப்பாடு. டொச் பகுதியாருக்கு அது சொந்தச் சாப்பாடு என்ற எண்ணத்தில் வந்த பெயர். அகழி என்று ஒன்றைத் தோண்டி வைக்கவில்லை. ஆனால் வாக்கெடுப்பு நாட்களில் அது கண்ணுக்குத் தெரியும். 1992 டிசம்பரில் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் சேர்வதா என்று கேட்டபோது பிரெஞ்சு மாநிலங்கள் எல்லாம் ஆம் என்றன. டொச் மாநிலங்களில் பாசல் என்ற பெயருள்ள இரண்டு மாநிலங்களைத் தவிர மற்றவை இல்லை என்றன. 50.3 வீதம் பேர் இல்லை என்றதால் தோற்றது. நான் வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. வேலைத்தலத்தில் இரண்டு பக்கத்து ஆட்களும் ஒரு கிழமை சரியாகக் கதைக்கவில்லை. அது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

பயணப்பை தம்பிக்கு: எல்லோருக்கும் நாலு மொழி தெரியாது. பள்ளியில் இன்னொரு தேசிய மொழி படிப்பார்கள், ஆனால் சரளமாகக் கதைப்பவர்கள் குறைவு. சூரிச்காரரும் ஜெனீவாக்காரரும் சந்தித்தால் இப்போது ஆங்கிலத்தில் கதைப்பதை நானே நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரே மாதிரி குளிர் என்றதற்கும் பதில் இருக்கிறது, பிறகு எழுதுகிறேன். இரவு பத்து மணிக்குப் பிறகு லொறி ஓட்டத் தடை. காலை ஐந்துக்கு மறுபடி கிளம்ப வேண்டும்.

நிலா | லுசேர்ன்

லொறிக்கார மாமா சொன்ன சாரின் எல்லை ஏன் அங்கே வந்தது என்பதை நான் சொல்கிறேன். பேர்ண் பல்கலைக்கழகத்தில் புவியியல் படிக்கிறேன். என் தமிழில் பிழை இருந்தால் திருத்துங்கள், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்த தமிழ்தான்.

ரோமர் காலத்தில் இந்த நிலம் முழுவதும் மெதுவாக லத்தீன் பேசத் தொடங்கியது. பிறகு இரண்டு வகை ஜெர்மானிய மக்கள் வந்தார்கள். மேற்கே 443இல் பர்கண்டியரை ரோமர்களே குடியேற்றினார்கள். அவர்கள் தங்கள் மொழியை விட்டு, அங்கே இருந்த மக்களின் லத்தீனுக்கு மாறிவிட்டார்கள். அதன் வழியில் வந்ததுதான் இன்றைய பிரெஞ்சுப் பகுதி. வடக்கிலிருந்து வந்த அலமானியர் தங்கள் மொழியை விடவில்லை. அவர்கள் ஆறே நதிப் பக்கமாக மெல்ல மெல்ல மேற்கே நகர்ந்தார்கள். பல நூற்றாண்டு நகர்ந்து நின்ற இடம்தான் சாரின் பக்கம். அதாவது அந்தக் கோட்டைப் போட்டது யார் எங்கே உழுதார்கள், யாருக்கு யார் அண்டை வீடு என்பதுதான். மலை அதில் தலையிடவில்லை.

கோடு கத்தி வெட்டின மாதிரியும் இருக்காது. பிரிபூர் நகரத்தின் கீழ்ப்பட்டினத்தில் டொச்சும் பிரெஞ்சும் கலந்த போல்ஸ் என்ற பேச்சே உண்டு. பீல் நகரத்துக்குப் பிரெஞ்சில் பியன் என்று பெயர், தெருப் பலகை எல்லாம் இரண்டு மொழியில். கடைக்குள் யார் முதலில் வாய் திறக்கிறார்களோ அவர்கள் மொழியில் பேச்சு போகும். எனக்கு அந்த ஊர் மிகவும் பிடிக்கும்.

திருநெல்வேலி சாருக்கு ஒரு கேள்வி: வாலிஸ் மாநிலத்தைப் பார்த்தீர்களா? ரோன் நதியின் ஒரே பள்ளத்தாக்கு, இரண்டு பக்கமும் நாலாயிரம் மீட்டர் மலை. அப்படிப் பூட்டி வைத்த பள்ளத்தாக்கில் ஒரே மொழிதானே இருக்க வேண்டும்? இல்லை. கீழ்ப்பாதி பிரெஞ்சு, மேற்பாதி டொச். சியருக்குப் பக்கத்தில் ராஸ்பில் என்ற சின்ன ஓடை, அதுதான் எல்லை. மேல்பக்கம் ரோன் நதியையே ரொட்டன் என்கிறார்கள்.

வரைபடப் பித்தன் | திருநெல்வேலி

நிலா, உன் தமிழில் ஒரு பிழையும் இல்லை அம்மா. வாலிஸைப் பார்த்தேன், அதுதான் என்னை முதலில் குழப்பியது. அப்படியென்றால் மலைக்கும் மொழிக்கும் சம்பந்தமே இல்லையா? இத்தாலிய மொழிப் பகுதி மட்டும் ஆல்ப்ஸுக்குத் தெற்கே அழகாக அடங்கியிருக்கிறதே.

எங்கடீன் சமையலறை | கிராவ்புண்டன்

அடங்கவில்லை அண்ணா. இங்கே கிராவ்புண்டன் மாநிலத்தில் பிவியோ என்று ஒரு ஊர் இருக்கிறது. ஆல்ப்ஸ் நீர்ப்பிரிமுகட்டுக்கு வடக்கே, ஆனால் பரம்பரையாக இத்தாலியன் பேசின ஊர். தெற்கேயிருந்து கணவாய் ஏறி மாடு மேய்க்க வந்தவர்கள் தங்கிவிட்டார்கள். அதற்கு எதிர்மாறாக, தெற்கே இத்தாலியன் பேசுகிற திச்சீனோ மாநிலத்தில் போஸ்கோ குரின். சுற்றிவர இத்தாலியன், அந்த ஒரு ஊரில் மட்டும் டொச். சிம்ப்ளோன் கணவாய்க்குத் தெற்கே கொண்டோவும் அப்படித்தான்.

இந்த டொச் ஊர்களில் இருப்பவர்கள் வால்சர் என்ற மக்கள். மேல் வாலிஸிலிருந்து 13ஆம் நூற்றாண்டு வாக்கில் கிளம்பி, உயரமான இடங்களாகப் பார்த்துப் பார்த்துக் குடியேறினார்கள். கீழே நல்ல நிலம் ஏற்கெனவே மற்றவர்கள் கையில் இருந்தது. பிரபுக்கள் மேட்டு நிலத்தைத் திருத்தச் சொல்லிச் சலுகை கொடுத்து அழைத்தார்கள். உலகத் தலைவர்கள் கூடுகிற டாவோஸ்கூட அவர்கள் வந்து குடியேறிய ஊர்தான். மலையேறத் தெரிந்தவனுக்குக் கணவாய் ஒரு வாசல் மாதிரி. குளிர்காலத்தில் மூடும், கோடையில் திறக்கும்.

நான் மேல் எங்கடீனில் ஒரு ஓட்டலில் 14 வருடமாகச் சமையல் வேலை செய்கிறேன். காலையில் முதலாளியம்மா "அலெக்ரா" என்பார், அதுதான் ரோமாஞ்சு வணக்கம். பாத்திரம் கழுவுகிறவர்கள் போர்ச்சுகீசியம், பொருள் கொண்டு வருகிற ஓட்டுநர் டொச், பக்கத்து பிரேகாலியா பள்ளத்தாக்கிலிருந்து வருகிறவர்கள் இத்தாலியன்.

ரோமாஞ்சைப் பற்றி யாரும் இன்னும் எழுதவில்லை. பழைய ரோமர் மாகாணத்து லத்தீனின் பேத்தி அது. நாட்டு மக்களில் 0.5 வீதம் பேருக்குத்தான் அது முதன்மை மொழி, சுமார் 40,000 பேர். இவ்வளவு சின்ன மொழிக்கு ஐந்து எழுத்து வடிவம்: சுர்சில்வான், சுத்சில்வான், சுர்மிரான், புத்தேர், வலாடேர். ஒவ்வொன்றும் ஒவ்வொரு பள்ளத்தாக்கு. இந்த ஐந்தும் தனித்தனியாக வளர்ந்ததற்கு மலைதான் காரணம், அதை நான் ஒப்புக்கொள்கிறேன். 1982இல் ஹைன்ரிஹ் ஷ்மிட் என்ற அறிஞர் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு வடிவம் உருவாக்கினார். அரசு அலுவலகத்தில் அது ஓடுகிறது. பள்ளிக்கூடத்தில் நுழைத்தபோது பல ஊர்கள் எதிர்த்தன, பிள்ளைகளுக்குப் பாட்டி பேசுகிற வடிவம்தான் வேண்டும் என்று திரும்பிப் போய்விட்டார்கள். அந்த அம்மாக்களின் மனசு எனக்கு நன்றாக விளங்கும்.

இன்னும் ஒன்று. எங்கள் மாநிலத் தலைநகர் குர் ஒரு காலத்தில் ரோமாஞ்சு ஊர். 1464இல் ஊர் எரிந்தது. திருப்பிக் கட்ட வந்த கொத்தனார், தச்சர் எல்லாம் டொச் பேசுகிறவர்கள். அவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். ஊர் மொழி மாறிவிட்டது. மலை அங்கேயேதான் நின்றது.

நிலா | லுசேர்ன்

குர் கதை எனக்குப் புதிது, நன்றி அண்ணா.

மட்டுநகரான் | ஊரி மாநிலம், அல்ட்டோர்ஃப்

மொழியை நீங்கள் பாருங்கள், நான் காற்றைச் சொல்கிறேன். வானிலைக்கு ஆல்ப்ஸ் உண்மையிலேயே மதில்தான்.

நான் பிறந்தது மட்டக்களப்பில். அங்கே வைகாசிக்குப் பிறகு மேற்கேயிருந்து கச்சான் காற்று வீசும். தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டுக் காய்ந்து, சுட்டு, எங்கள் பக்கம் இறங்கும். உதடு வெடிக்கும், பயிர் வாடும். இங்கே வந்த முதல் வருடம், மார்ச் மாதம், வெளியே முழங்கால் அளவு பனி. ஒரு மத்தியானம் தெற்கேயிருந்து காற்று அடித்தது. சில மணி நேரத்தில் 10 பாகைக்கு மேல் ஏறி, சாயங்காலம் கூரையெல்லாம் ஒழுகியது. வாசலில் நின்று மனைவியிடம் சொன்னேன், "இது எங்கள் கச்சான்" என்று. இங்கே ஃப்யோன் என்கிறார்கள். தலைமுடி உலர்த்துகிற கருவிக்கும் டொச்சில் அதே பெயர்தான்.

நடப்பது இதுதான். ஈரக்காற்று தெற்கே திச்சீனோ பக்கம் மலையேறும்போது குளிர்ந்து மழையாகும். நீராவி மழையாகும்போது வெப்பம் வெளிவரும், ஆகையால் ஏறும்போது 100 மீட்டருக்கு 0.6 பாகை அளவுக்குத்தான் குளிரும். காய்ந்து வடக்கே இறங்கும்போது 100 மீட்டருக்கு 1 பாகை சூடாகும். அதனால் ஒரே உயரத்துக்குத் திரும்பும்போது கிளம்பினதைவிடச் சூடு. தெற்கே மழை பெய்யாமலும் ஃப்யோன் வருவதுண்டு, உயரத்திலிருக்கும் காற்று அப்படியே இறங்கினாலும் சூடாகும் அல்லவா.

பழைய ஆட்கள் இதைப் பனி தின்னி என்பார்கள். இதற்கு உண்மையான பயமும் இருக்கிறது. 1861 மே மாதம் கிளாருஸ் நகரத்தில் ஃப்யோன் அடித்த இரவில் தீப்பிடித்து ஊரின் பெரும்பகுதி போய்விட்டது. எங்கள் பள்ளத்தாக்குகளில் ஃப்யோன் காவல் என்று ஆட்களை நியமித்து, காற்று அடிக்கிற நாளில் தீ மூட்டவும் வெளியே புகைக்கவும் விடமாட்டார்கள். ஊரி ஏரிக்கரையில் ஒரு செம்மஞ்சள் விளக்கு இருக்கிறது. நிமிடத்துக்கு 40 தடவை மின்னினால் கவனம், 90 தடவை மின்னினால் படகை உடனே கரைக்குக் கொண்டு வர வேண்டும். என் மகன் சின்னப்பிள்ளையாக இருக்கும்போது ஜன்னலில் நின்று அதை எண்ணிக்கொண்டே இருப்பான்.

வரைபடப் பித்தன் | திருநெல்வேலி

ஐயா, உடம்பு சிலிர்த்துவிட்டது. தூத்துக்குடிப் பக்கம் எங்கள் மீனவர்களும் மேல்காற்றைக் கச்சான் என்றுதான் சொல்வார்கள். கொண்டல், வாடை, சோழகம், கச்சான். பாடப்புத்தகத்தில் ஃப்யோனை ஒரே வரியில் கடந்துவிடுவேன். இனி கடக்கமாட்டேன்.

லெமான்கரை | லவுசான்

வாடை என்றதும் வந்தேன். எங்கள் பிரெஞ்சுப் பக்கத்துக்கு ஃப்யோன் பெரிதாக இல்லை, எங்களுக்குப் பீஸ். வடகிழக்கிலிருந்து வரும் காய்ந்த குளிர்காற்று. ஒரு பக்கம் யூரா, மறு பக்கம் ஆல்ப்ஸ், இரண்டும் தென்மேற்கே போகப் போக நெருங்குகின்றன. புனலில் ஊற்றின மாதிரி காற்று இறுகி ஜெனீவாவில்தான் மோசமாக அடிக்கும். 2005 ஜனவரியில் வெர்சுவாவில் ஏரித் தண்ணீரைக் காற்று கரைக்கு வீசி, நிறுத்தியிருந்த கார்கள், வாங்குகள், மரங்கள் எல்லாம் கண்ணாடி மாதிரி பனிக்கட்டிக்குள் போய்விட்டன. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனோம். கார்க்காரர்களை நினைக்கப் பாவமாகத்தான் இருந்தது.

பேர்ணிலிருந்து ரயிலில் வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பிரிபூர் தாண்டியதும் அறிவிப்பில் பிரெஞ்சு முன்னுக்கு வரும். மொழி அங்கே மாறிவிட்டது, ஆனால் நிலம் மாறவில்லை. இன்னும் அரை மணி நேரம் கழித்துப் பூயிடூ பக்கத்துச் சுரங்கத்தை விட்டு வெளியே வரும்போதுதான் நிலம் மாறும். கீழே முழு ஏரி, எதிரே பிரெஞ்சு நாட்டு மலை, காலடியில் லவோ திராட்சைத் தோட்டம் படிப்படியாக இறங்கும். 27 வருடமாகப் பார்க்கிறேன். கையில் புத்தகம் இருந்தாலும் மூடி வைத்துவிடுவேன்.

எங்கள் பிரெஞ்சுக்குள்ளும் வித்தியாசம் உண்டு. எண்பதுக்குப் பாரிஸ்காரர் நாலு இருபது என்பார். இங்கே வோ மாநிலத்தில் உய்த்தாந்த், ஒரே சொல். ஒரு மணி நேரத்தில் ஜெனீவா போனால் அங்கே மறுபடி நாலு இருபது. வந்த புதிதில் கடையில் காசு எண்ணிக் கொடுக்க எனக்கு இது எவ்வளவு உதவியது தெரியுமா!

நிலா | லுசேர்ன்

அன்ரி, உங்களுக்காவது எண்பதுதான் சிக்கல். டொச் பக்கம் வந்தவர்களுக்கு மொழியே இரண்டு. வகுப்பில் எழுத்து டொச் படிப்பார்கள், வெளியே வந்தால் ஒருவரும் அதைப் பேசமாட்டார்கள். சுவிஸ் டொச்சில் "போனேன்" என்ற எளிய இறந்தகாலமே கிடையாது, எல்லாம் "போயிருக்கிறேன்" அமைப்புத்தான். சூரிச்சில் குரூயெட்ஸி, பேர்ணில் குரூயெசெக். பேர்ண்காரர் பாலை மில்ஹ் என்னாமல் மியுஹ் என்பார். வாலிஸ்காரர் முழு வேகத்தில் பேசினால் சூரிச்காரரே திரும்பக் கேட்பார். மலைக்குள் அடைபட்டுப் பழைய உயர் ஜெர்மனின் சொல்விகுதிகளை இன்னும் வைத்திருக்கிறார்கள்.

1959இல் சார்லஸ் ஃபெர்குசன் என்ற மொழியியலாளர் இந்த இரட்டை வழக்கைப் பற்றிக் கட்டுரை எழுதியபோது எடுத்துக்கொண்ட நாலு உதாரணங்களில் ஒன்று சுவிஸ் டொச். தமிழும் அந்த விளக்கத்துக்குப் பொருந்துகிறது என்று அதிலேயே சொல்லியிருக்கிறார். வகுப்பில் அதைப் படித்த அன்று அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். "அதனால்தான் எனக்கு இந்த ஊர்ப் பேச்சு சீக்கிரம் பிடிபட்டது" என்றார். எழுத்து ஒன்று, பேச்சு ஒன்று என்பது அம்மாவுக்குப் புதிதல்லவே.

லெமான்கரை | லவுசான்

உண்மை பிள்ளை. எந்த மொழி படிக்கப்போகிறோம் என்பதை எங்களில் அதிகம் பேர் தெரிவு செய்யவில்லை. அகதி விண்ணப்பம் கொடுத்தவர்களை மாநிலங்களுக்குப் பங்கிட்டு அனுப்பினார்கள். என்னை வோ மாநிலத்துக்கு, என் அண்ணாவைச் சூரிச்சுக்கு. என் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு, அண்ணா பிள்ளைகளுக்கு டொச். பொங்கலுக்குக் கூடினால் மச்சான் மச்சாள் எல்லாம் தமிழில்தான் கதைப்பார்கள், வேறு வழி இல்லை. அந்த ஒரு விஷயத்தில் எனக்கு மிகவும் சந்தோஷம்.

லொறிக்காரன் | பேர்ண்

விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். "ஒரே மாதிரி குளிர்" என்று பயணப்பை தம்பி எழுதியிருந்தார்.

இந்த நாட்டின் ஆகக் குறைந்த பதிவு -41.8 பாகை, 1987 ஜனவரி 12, லா பிரெவின். அது ஆல்ப்ஸ் உச்சியில் இல்லை. யூரா மலையில், சுமார் 1,050 மீட்டரில், பிரெஞ்சுப் பகுதிக் கிராமம். கிண்ணம் மாதிரி மூடின பள்ளம், தெளிந்த இரவில் குளிர்காற்று வழிந்து வந்து அடியில் தேங்கிவிடும். ஆகக் கூடிய பதிவு 41.5 பாகை, 2003 ஆகஸ்ட் 11, குரோனோ. கிராவ்புண்டன் மாநிலத்தில் இத்தாலியன் பேசுகிற மெசோல்சீனா பள்ளத்தாக்கு. இரண்டு ஊருக்கும் நான் போயிருக்கிறேன். ஒன்றில் லொறிக் கதவு உறைந்து திறக்கவில்லை. மற்றதில் வாசலில் பனைக் குடும்பத்து மரம் நிற்கிறது.

வாலிஸ் வேறு கதை. வடக்கிலும் தெற்கிலும் மலை மறைப்பதால் மழை உள்ளே வருவதற்குள் தீர்ந்துவிடும். சீயோன் பக்கம் வருடத்துக்கு 600 மில்லிமீட்டர் அளவுதான். செண்டிஸ் உச்சியில் 2,800 மில்லிமீட்டர் பெய்கிற அதே நாட்டில்! அதனால் பனியாறு உருகுகிற தண்ணீரைச் செங்குத்துப் பாறையில் மரத்தொட்டி கட்டி, மைல் கணக்கில் வாய்க்காலாகக் கொண்டு வந்தார்கள். பிரெஞ்சுக்காரர் பீஸ் என்கிறார்கள் (லவுசான் தங்கச்சி சொன்ன காற்றுக்கும் இதற்கும் எழுத்தில் ஓர் எழுத்துதான் வித்தியாசம்), டொச்காரர் சுவோனெ என்கிறார்கள். மொழி இரண்டு, வாய்க்கால் கட்டுகிற முறை ஒன்று, தண்ணீருக்கு முறை வைப்பதும் ஒன்று. காய்ந்த நிலத்துக்கு இரண்டு பேரும் ஒரே பதிலைத்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

ஆசிரியர் தம்பி, உங்கள் பிள்ளைக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். மலை காற்றையும் மழையையும் மறிக்கும். மனிதரை அப்படி மறிக்காது. கொத்தார்ட் கணவாயால் 13ஆம் நூற்றாண்டிலிருந்தே கோவேறு கழுதைகள் போய் வந்தன. 1882இல் ரயில் சுரங்கம், 1980இல் நான் போகிற 16.9 கிலோமீட்டர் வீதிச் சுரங்கம், 2016இல் 57 கிலோமீட்டர் அடித்தளச் சுரங்கம். தெற்கே திச்சீனோவில் இன்றும் இத்தாலியன்தான். வழி திறந்ததால் மொழி அழியவில்லை. அவர்களுக்கென்று மாநிலம், பள்ளிக்கூடம், வானொலி இருக்கின்றன, அதனால்.



நிலா | லுசேர்ன்

மாமா, நீங்கள் ஆரம்பித்ததைத் தொடர்ந்து நான் ஒன்று சேர்க்கிறேன், நான் வாழ்கிற மேட்டுநிலத்து மூடுபனி. யாரும் எழுதவில்லை, ஆனால் நாட்டில் பெரும்பாலான மக்கள் இருப்பது இங்கேதான்.

ஆல்ப்ஸ் நாட்டில் 60 வீதம், யூரா 10, மீதி 30 வீதம் இந்த மேட்டுநிலம். ஐப்பசி தொடங்கி மாசி வரை, காற்று அடங்கினால், குளிர்காற்று இந்தத் தொட்டியில் தேங்கும். மேலே சூடு, கீழே குளிர். இடையில் சாம்பல் மூடி போட்ட மாதிரி உயர்மூடுபனி. ஒரு கிழமைகூடச் சூரியன் தெரியாது. வானிலை அறிக்கையில் மூடுபனியின் மேல் எல்லை எத்தனை மீட்டர் என்று சொல்வார்கள். 900 என்றால் அன்றைக்கு எல்லோரும் 1,798 மீட்டர் ரிகி மலைக்கு ரயில் பிடிப்பார்கள். மேலே நல்ல வெயில், காலடியில் வெள்ளைக் கடல், அதில் தீவு தீவாக மலைகள். பீஸ் அடித்தால் இந்த எல்லை 1,500 மீட்டருக்கும் ஏறிவிடும்.

இந்த மூடுபனிக் கடல் சூரிச்சையும் மூடும், லவுசானையும் மூடும். சாரின் ஆற்றைப் பார்த்து நிற்காது. திருநெல்வேலி சார் கேட்ட வானிலைக் கேள்விக்கு இதுதான் என் பதில்: ரோஸ்டி அகழியில் வானிலை மாறாது. கொத்தார்டில் மாறும்.

எங்கடீன் சமையலறை | கிராவ்புண்டன்

எங்களுக்கு மூடுபனி குறைவு, குளிர் அதிகம். "ஒன்பது மாதம் குளிர்காலம், மூன்று மாதம் குளிர்" என்பது எங்கடீன் பழமொழி. பகலில் பள்ளத்தாக்குக் காற்று மேல்நோக்கி அடிப்பதுதான் வழக்கம். இங்கே மலோயா காற்று தலைகீழாக மேலேயிருந்து கீழே அடிக்கும். சில நாள் மலோயாப் பாம்பு என்று நீளமான மேகம் ஊர்ந்து வரும்.

ஆசிரியர் அண்ணா, பிட்ஸ் லுங்கின் என்ற சிகரத்தையும் வகுப்பில் காட்டுங்கள். அதன் பக்கத்துக் கணவாயில் விழுகிற மழை மூன்றாகப் பிரியும். ஒரு பங்கு ரைன் வழியாக வடகடல், ஒரு பங்கு போ வழியாக அட்ரியாட்டிக், ஒரு பங்கு இன் ஆறாகி டான்யூபில் சேர்ந்து கருங்கடல். போன ஆவணியில் ஏறிப் போய் நின்றுவிட்டு வந்தேன். மூச்சு வாங்கியது, ஆனால் போக வேண்டிய இடம்.

மட்டுநகரான் | ஊரி மாநிலம், அல்ட்டோர்ஃப்

இப்போது மலையே மாறுகிறது, அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 2022இல் ஒரே வருடத்தில் பனியாறுகளின் கன அளவில் 6 வீதம் போனது. அடுத்த வருடம் இன்னொரு 4 வீதம். 2024 ஜூனில் மெசோல்சீனாவில் மோயேசா ஆறு ஏ13 நெடுஞ்சாலையை அறுத்துக்கொண்டு போனது. 2025 மே 28இல் லோட்ஷன் பள்ளத்தாக்கில் பிர்ஹ் பனியாறு பாறையோடு இடிந்து பிளாட்டன் கிராமத்தின் மேல் விழுந்தது. சுமார் 300 பேரை ஒன்பது நாள் முன்பே வெளியேற்றியிருந்தார்கள், ஒருவர் இறந்தார். பூமியை அளந்து பார்த்து முன்கூட்டியே சொன்னவர்கள் அத்தனை உயிரைக் காப்பாற்றினார்கள். ஆனால் வீடு, தேவாலயம், தெரு எல்லாம் மண்ணுக்குள். 1983இல் ஊரை விட்டு ஓடி வந்தவன் நான். அந்த மக்கள் தொலைக்காட்சியில் பேசும்போது டொச் முழுதாக விளங்கவில்லை, அழுகை விளங்கியது.

வரைபடப் பித்தன் | திருநெல்வேலி

வகுப்பில் என்ன செய்யப்போகிறேன் என்று சொல்கிறேன். கண்ணாடித்தாளில் இரண்டு வரைபடம் வரைகிறேன். ஒன்றில் காற்றும் மழையும், ஒன்றில் மொழிகள். ஒன்றின் மேல் ஒன்று வைத்து, எங்கே பொருந்துகிறது, எங்கே பொருந்தவில்லை என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். பிவியோவையும் போஸ்கோ குரினையும் சிவப்புப் புள்ளியாக வைக்கிறேன். முதலில் தவறாகச் சொன்னேன் என்று அந்தப் பிள்ளையிடம் சொல்லிவிட்டுத்தான் தொடங்குவேன்.

லொறிக்கார அண்ணா, ஒரு உதவி. அடுத்த முறை கொத்தார்ட் போகும்போது இரண்டு வாசலிலும் வானத்தை ஒரு படம் எடுத்துப் போட முடியுமா?

லொறிக்காரன் | பேர்ண்

இன்று போய் வந்தேன் தம்பி. ஓட்டும்போது எடுக்கவில்லை, இரண்டு பக்கமும் தரிப்பிடத்தில் நிறுத்தித்தான் எடுத்தேன்.

முதல் படம் கோஷெனன், வடக்கு வாசல், காலை 7:40. வண்டி வெப்பமானி 1 பாகை, ஈரப்பனி, எதிர் மலை தெரியவில்லை. இரண்டாவது ஐரோலோ, தெற்கு வாசல், 8:15. 9 பாகை, மேகமே இல்லை, வடக்கேயிருந்து காய்ந்த காற்று. கதவைத் திறக்கும்போது கையிலிருந்து பிடுங்கியது. மட்டுநகரான் அண்ணை சொன்ன ஃப்யோன் இன்று மறுபக்கமாக இறங்குகிறது. பின்னால் முகட்டைப் பாருங்கள், மேகம் மதில் மாதிரி அங்கேயே நிற்கிறது.

கோப்பிக் கடையில் பெண் பிள்ளை "புவோன்ஜோர்னோ" என்றார். ஊருக்குத் திரும்பி வரும்போது மறுபடி பனி.